பனி விட்டதும் வருகிறேன்

எங்கள் தலைமை எஞ்சினியருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. யார் முதலில் ஆரம்பித்தது என்று பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை காலையே என் மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கம்பெனி இதல்லல்லோ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். என் பக்கத்தின் முதல் வசை அந்த வாரம் வியாழக்கிழமைதான் பதிவாகியிருக்கிறது.

அது மாநிலம் பிரிந்த வருஷம். பள்ளிவாசலுக்கு மேலே, தேயிலைக் காடுகளுக்கு நடுவில் ஒரு மலைப்பாதையை அகலப்படுத்தி ஓடைகளுக்குப் பாலம் போடும் வேலையை ஒரு கம்பெனி எடுத்திருந்தது. நான் இளநிலை எஞ்சினியர். ஒரு வருஷம் சோதனைக் காலம். முடிவில் தலைமை எஞ்சினியர் 'திருப்தி' என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிப் போய் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டும். கிளம்பும்போதே அவன் சொல்லிவிட்டான்: "தொரத்துனாங்கன்னா நேரா வேலந்தாவளம் சந்தைக்கு வந்துரு. மாடு புடிச்சு நிக்கறதுக்கும் ஆளு வேணுமல்ல?"

எஞ்சினியர் ஆவதற்கு முன் நான் டிரையல் பந்தயங்களில் வண்டி ஓட்டியவன். அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, சேறு, ஓடை என்று கயிறு கட்டிக் குறித்த தூரத்தைத் தரையில் கால் படாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குற்றப் புள்ளி. தோட்டத்துத் துரைமார்களின் கிளப் நடத்திய பந்தயம் அது. போர் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாள வண்டியில் இரண்டு முறை ஜெயித்தேன். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் கூப்பிடவில்லை. சரிவையும் ஈரத்தையும் கல்லின் பிடிப்பையும் அங்கே கற்றுக்கொண்டேன். படித்து முடித்துப் பாலம் கட்ட வந்தபோது அந்தப் பாடம்தான் அதிகம் உதவியது. ஆனால் வேலைத்தளத்தில் நான் சர்க்கஸ்காரன்தான். எங்கள் திருநெல்வேலி மேஸ்திரிகூடத் தினமும் கேட்பார்: "என்ன சார், இன்னைக்கும் கால் ஊணாமத்தான் வந்தீயளா?"

மார்கழியில் கிளப் மறுபடி பந்தயம் வைத்தது. ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். தலைமை எஞ்சினியர் மனுவை மடித்து என்னிடமே நீட்டினார். "சர்க்கஸ் வேணுமோ பாலம் வேணுமோ, தீருமானிக்கு." பாலம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை நடந்ததுதான் விஷயம். நான் தங்கியிருந்தது மேல் முகாமில். ஆபீஸ் கீழே. எட்டு மணிக்குப் பாலத்தில் கான்கிரீட் போடுவதாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்தால் வாசற்படியே தெரியவில்லை. ஆபீசுக்கு டெலிபோன் செய்தேன். எடுத்தவர் குமாஸ்தா, கோட்டயத்துப் பக்கத்து ஆள். வருகைப் பதிவேடு அவர் பொறுப்பு.

"பனிங்க. இப்ப வர முடியாதுங்க" என்றேன்.

"அய்யோ! நல்ல பனியோ?"

"நல்ல பனிங்க. நீட்டுன கை தெரியல. பனி விட்டதும் வந்தர்றேன்."

"வேண்டா சாரே, மெதுவாய் வந்தா மதி. ரெஸ்ட் எடுத்தோ."

போனை வைத்துவிட்டு டைரியில் எழுதினேன்: 'குமாஸ்தாவும் கிண்டலில் சேர்ந்துகொண்டார்.'

பத்து மணிக்குப் பனி விலகியது. பாதி வழியில் ஒரு தேயிலை லாரி வழுக்கி, பாதையின் குறுக்கே நின்றிருந்தது. வண்டியைப் பக்கத்து ஓடையில் இறக்கினேன். உருண்டைக் கற்களின் மேல், மிதிகளில் எழுந்து நின்றபடி, ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் லாரியைத் தாண்டிக் கரை ஏறினேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஏறி நிமிர்ந்தால், லாரிக்கு அந்தப் பக்கம் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தலைமை எஞ்சினியர் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பனி மாறியோ?"

"பத்து மணிக்கே மாறிருச்சுங்க" என்றேன்.

மறுநாள் மெமோ வந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லி, வேலை நேரத்தில் பந்தயப் பயிற்சி செய்ததற்காக ஏன் நீக்கக்கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் சொல்ல வேண்டும். குமாஸ்தாவிடம் போனேன்.

"எனக்கு எப்பங்க காச்ச வந்துது?"

"சார் தன்னெயல்லே பறஞ்ஞது, பனின்னு!"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழில் பனி என்று நாம் சொல்வது அவர்களுக்கு மஞ்ஞு. இரண்டு பாஷையும் புழங்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன் எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். அன்று வாசலில் நின்ற பனியைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. அந்த 'ரெஸ்ட்' கிண்டலில்லை, அக்கறை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இதைத் தலைமை எஞ்சினியரிடம் சொன்னேன். எட்டு வருஷம் அதே மலையில் தமிழ் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர், நிதானமாகச் சொன்னார்: "மஞ்ஞின்னு பனின்னு இவிடெ ஆரும் பறயில்ல." மஞ்ஞை இங்கே யாரும் பனி என்பதில்லையாம். தெரிந்தே சொன்ன பொய். இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

அன்று மாலை முழுவதும் டைரியைப் புரட்டினேன். ஐப்பசியில் ஒரு குறிப்பு கிடைத்தது. வளைவில் லாரிக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். 'பனி இருக்கும்போது விளக்கை போட்டு மெதுவாக செல்லவும். – தலைமை எஞ்சினியர்.' இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறது என்று அவரை இளப்பமாக எழுதி வைத்திருந்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லாதிருந்தால் அந்தப் பலகை என் கண்ணில் பட்டிருக்காது.

சனிக்கிழமை விசாரணை. கம்பெனி மேனேஜர் கீழிருந்து வந்திருந்தார். குமாஸ்தா கதவோரம் பதிவேட்டோடு நின்றார். நான் தலைமை எஞ்சினியரைக் கேட்டேன்:

"வளைவுல இருக்கற பலகை உங்க உத்தரவுதானுங்களா?"

"அதெ."

"காச்சக்காரங்கள வெளக்குப் போட்டுட்டு மெதுவாப் போகச் சொல்லியிருக்கீங்க. காச்ச வந்தவனுக்கு வெளக்கு எதுக்குங்க?"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மெமோ ரத்தானது. ஆனால் தப்பு ஒன்று நடந்திருக்கிறதே, அது யாருடையது என்று மேனேஜர் கேட்டார். தலைமை எஞ்சினியர் கதவோரம் கை காட்டினார். தெளிவாகக் கேட்டு எழுதவில்லை என்று குமாஸ்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். போனில் அவர் என்னிடம் பரிவாகப் பேசினார், தப்பில் பாதி என்னுடையது என்று நான் அங்கே சொல்லியிருக்கலாம். ஜெயித்த மிதப்பில் இருந்தேன். சொல்லவில்லை.

அடுத்த வாரம் பலகையில் 'பனி'க்கு முன்னால், இடம் போதாமல், புதுப் பெயிண்டில் சின்னதாக 'மூடு' என்று நெருக்கி எழுதியிருந்தார்கள். தலைமை எஞ்சினியர் தன் தோல்வியை ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "மூடுங்காரே, யார் வாயச் சார் மூடச் சொல்லுதாரு?" என்றார். சோதனைக் காலம் முடிந்ததும் தலைமை எஞ்சினியர் என் தாளில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்திருந்தது.

தை மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு டெலிபோன் செய்தேன். குமாஸ்தாதான் எடுத்தார்.

"இன்னைக்கு வர முடியாதுங்க" என்றேன்.

"மூடுபனியோ, காய்ச்சலோ?"

"காச்சலுங்க."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ரெஸ்ட் எடுக்கச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருந்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.