கையெழுத்துக்கும் ரேகைக்கும் நடுவில் ஒரு கிணறு

நிலத்தரகு என்பது பாதி பேச்சு, பாதி காத்திருப்பு. பத்திர ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991-இல் ஒரு கம்பெனிக்காரர் ஒரகடம் பக்கம் நிலம் தேடி வந்தார். எங்கள் ஊரான வல்லம் வடகாலில் நிலம் வைத்திருந்த கன்னியம்மா விற்கச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை: கிணறும் அதற்குப் போகிற வழியும் அவளுக்கே.

ஓலையில் ஒரு ஏர்

மூலப் பத்திரம் கேட்டேன். துணிப்பையிலிருந்து பழைய காலத்து ஓலைப் பத்திரம் ஒன்றை எடுத்தாள். பத்திர எழுத்தர் தாமோதரன் பழைய எழுத்துப் படிப்பவர். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓலையின் அடியில் கணக்குப்பிள்ளை நீளமாகப் பெயர் எழுதியிருந்தார். சாட்சி போட்ட வியாபாரி தன் பெயரில் பாதி எழுத்தை விழுங்கியிருந்தார். நிலத்துக்காரன் பெயருக்குப் பதில் ஓர் ஏர் வரைந்திருந்தான். பக்கத்தில் 'இவன் தற்குறி' என்று கணக்குப்பிள்ளை எழுத்து. எழுதத் தெரியாதவன் போட்ட குறி என்று அர்த்தமாம். சேற்றில் இறங்கிய ஆட்களுக்குக் குறிகூட இல்லை, வெறும் தலைக்கணக்குதான்.

அந்த ஏரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது. கன்னியம்மா சொன்னாள்: "ஏர் போட்டவன்தான்யா உழுதான். பேர் எழுதினவன் வரப்புல குந்திக்கினு இருந்தான்."

வாயில் வந்த சொல்

கம்பெனிக்காரர் கிணறும் சேர்த்துக் கேட்டார். நாலு நாள் பேசினேன், அவள் அசையவில்லை. "தற்குறிங்களோட பேசினா இப்படித்தான்" என்று கத்திவிட்டேன். அவள் பாட்டுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி நீரைத் தொடுகிற சத்தம் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. வந்த காரியமே எனக்கு மறந்துபோனது. கயிற்றைச் சுற்றிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ இன்னா படிச்சிக் கிழிச்சிட்டே? அஞ்சாங் கிளாஸ் வாத்தியாரைக் கடிச்சிட்டு ஓடியாந்தவன்தானே."

மை காய்வதற்குள்

கம்பெனிக்காரர் இறங்கி வந்தார். கிணறு அவளுக்கே என்று முடிவானது. தாமோதரன் எழுதிய பத்திரத்தில் சாட்சியாக எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன், வழக்கம்போல் படிக்காமல். பேனாவை நீட்டினேன். கன்னியம்மா அதைத் தள்ளிவிட்டு இடது கட்டைவிரலை மையில் அழுத்தினாள். ரேஷன் கடையில் அவள் தன் பெயர் எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்த எழுத்தும் அவ்வளவுதான். "இன்னாம்மா நாடகம்?" என்றேன்.

ரேகை வைக்கிறவர் என்றால் பத்திரம் முழுசையும் படித்துக் காட்ட வேண்டும். தாமோதரன் முனகிக்கொண்டே ஆரம்பித்தார். வடக்கே ஏரிக்கால்வாய், கிழக்கே பனை வரிசை... அந்தக் குரலில் வயல் முழுவதும் ஒருமுறை காற்றில் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "...மேற்படி நிலமும் அதிலுள்ள கிணறும்..."

தாளுக்கு மேலே நின்ற கன்னியம்மாவின் விரல் பின்வாங்கியது. 'கிணறும்' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது என்று தாமோதரன் வேறு தாள் எடுத்தார். கன்னியம்மா சொன்னாள்: "கையெழுத்துப் போட்டா, படிச்சவன்னு விட்டுடுவீங்க. ரேகை வெச்சாதான்யா வாயத் தொறக்கிறீங்க."

அன்றிலிருந்து, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன், சாட்சியாக நின்ற என்னையும் சேர்த்து.