இண்டக்ஷன் அடுப்பும் என் வயிற்றெரிச்சலும்

ஒரு கத்தரிக்காயைச் சுடுவதற்கு நான் ஒரு மாடி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில், ஐண்டோவன் என்ற ஊரில், மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டில் தீ என்ற ஒன்றே கிடையாது. இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. கறுப்புக் கண்ணாடிப் பலகையாகப் படுத்துக்கிடக்கும், எண்ணை அழுத்தினால் பாத்திரம் மட்டும் சுடும். இந்தக் கட்டடத்தில் வீடு காலியாகக் காலியாக கேஸைப் பிடுங்கிவிட்டு இதை வைத்துக்கொண்டு வருகிறார்கள். கீழ்வீட்டு மரிக்கா அம்மாள் மட்டும் காலி செய்யவே இல்லை, அதனால் அவருடைய பழைய கேஸ் அடுப்பு தப்பித்தது. எண்ணெய் தடவிய கத்தரிக்காயும் கையுமாக முதல் தடவை அவர் கதவைத் தட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில், “உங்கள் தீ கொஞ்சம் வேண்டும்” என்று கேட்டேன். பாவம், அவர் என்னை மிகவும் இரக்கத்தோடு உள்ளே அழைத்தார். மறுநாள் காலையில் கருவிப்பெட்டியோடு ஒருவர் என் வாசலில் நின்றார். என் அடுப்பு கெட்டுவிட்டது என்று மரிக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் எல்லா எண்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத் தீதான் வேண்டும் என்று விளக்கினேன். அவர் கூரையில் இருந்த புகை அலாரத்தின் பாட்டரியைச் சோதித்துவிட்டுப் போனார்.

மரிக்காவுக்கு என் அடுப்பின் மேல் கண். கேஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “ஹெவார்லிக், ஹெவார்லிக்” என்பார், ஆபத்தாம். எனக்கோ அவர் வீட்டு நீலச் சுவாலையைப் பார்த்தால் வயிறு எரியும். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும், ரசம் நுரை கட்டும் அந்த நொடியில் தீயைக் குனிந்து பார்த்துக் குறைக்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. குனிகிறேன். அங்கே ஒரு சிவப்பு எண் தெரிகிறது. ஆனால் கீழ்வீட்டுக்காரியிடம் எனக்கு வந்தது வெறும் சில்லறைப் பொறாமை. நிஜப் பொறாமை கோவை சரவணம்பட்டியில் இருக்கிறது, அதன் பெயர் கீர்த்தனா. என் தம்பி செந்திலின் மனைவி.

அப்பா போன பிறகு கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா தம்பியோடு வந்துவிட்டாள். தம்பி, கீர்த்தனா இரண்டு பேருக்கும் ஐடி பார்க்கில் வேலை. சரவணம்பட்டியில் வாடகை வீடு. அங்கேயே இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. சமையலறை வேலை தொடங்கும் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்போதுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கீர்த்தனா ஒரு படம் போட்டாள். என் வீட்டு அடுப்பின் அதே கறுப்புக் கண்ணாடி. கீழே எழுதியிருந்தாள்: “அண்ணி ஊட்ல இருக்கறாப்லயே வெச்சரலாம்னு இருக்கறோமுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானே தீக்கு ஆலாய்ப் பறக்கிறேன். கேஸ் குழாய் வாசலுக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு இவள் தீயை வேண்டாம் என்கிறாள். பந்தியில் உட்காராதே என்றால் இலை ஓட்டை என்றானாம் ஒருத்தன். அந்தச் சமையலறையில் வருஷத்துக்கு ஒரு வாரம்கூட நிற்கப்போகாத நான், அடுப்பு சரியில்லை என்று சண்டைக்குக் கிளம்பினேன். கரண்ட் போனால் என்ன செய்வாய், அப்பளம் எதில் சுடுவாய், அம்மாவின் பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவாய், அம்மாவுக்கு இந்த வயதில் எண் அழுத்தத் தெரியுமா என்று அடுக்கினேன். கீர்த்தனாவோடு சண்டை போடுவது லேசில்லை. நான் எதைச் சொன்னாலும், “அப்படீங்களா அண்ணி, யோசிக்கறேனுங்க” என்பாள். குத்துவதைக்கூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் குத்துவாள். கடைசியில் நான் அம்மாவைக் கூப்பிட்டு, நீயே சொல் என்றேன். என் மனசில் இருந்தது அடுப்பு மட்டுமில்லை. அம்மா யார் பக்கம் நிற்பாள் என்று தெரிய வேண்டியிருந்தது. “கீர்த்தனா சொல்றதையே வெச்சரலாம் கண்ணு” என்றாள் அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என்னைப் பெற்றவள், என் பக்கம் பேசவில்லை. கோபி வீட்டில் அம்மா சமைக்கும்போது நான் சமையலறை வாசலை மிதித்தால், “போய்ப் படி, இங்க உனக்கென்ன வேலை” என்று விரட்டுவாள். கரண்டி பிடித்தால் படிப்பு கெட்டுவிடும் என்று அவளுக்கு எண்ணம். அதனால்தான் படித்தேன், அதனால்தான் இங்கே வந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எப்போது தாளிக்க வேண்டும் என்று ஐண்டோவனிலிருந்து போன் போட்டுக் கேட்டால், “அது பாத்தாத் தெரியும் கண்ணு” என்று வைத்துவிடுவாள். கல்யாணமாகி வந்த கீர்த்தனாவுக்கோ பக்கத்தில் நிற்கவைத்து, கரண்டியைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லித் தந்தாள். எனக்கு வர வேண்டிய சொத்தில் இதைத்தான் நான் கேட்டிருப்பேன். நிலத்தைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும்.

புதுமனை புகுவிழாவுக்கு நான் போயே தீர வேண்டும். எங்கள் பக்கம் புது வீட்டில் முதல் பால் காய்ச்சுவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. அதை எந்த மருமகளும் தொட முடியாது. பால் காய்ச்சும் பானையும் நான்தான் கொண்டுபோக வேண்டும், அது சீர். கோவையில் இறங்கியதும் கடைக்குப் போய் இருப்பதிலேயே கனமான பித்தளைப் பானையாகப் பார்த்து வாங்கினேன். “எவர்சில்வர்ல இண்டக்ஷனுக்கு ஏத்தாப்ல இருக்குதுங்க, பாக்கறீங்களா?” என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பித்தளையை இண்டக்ஷன் தொடாது என்று எனக்குத் தெரியாதா? அந்த அடுப்போடு குடித்தனம் நடத்துபவள் நான். வேண்டுமென்றேதான் வாங்கினேன். உறவெல்லாம் கூடி நிற்கும்போது அவளுடைய கறுப்புக் கண்ணாடி மூச்சுவிடாமல் கிடக்க வேண்டும், யாராவது ஓடிப்போய் ஒரு கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தக் காட்சியை விமானத்திலேயே பலமுறை பார்த்துவிட்டேன்.

விடிகாலையில் ஹோமம் முடிந்து, மஞ்சள் கட்டிய பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். எண்ணை அழுத்தினேன். எதிர்பார்த்தபடியே அது பாத்திரத்தைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியில் எழுத்து மட்டும் கண் சிமிட்டியது. கீர்த்தனா பக்கத்தில் வந்து பானையைத் தட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

“ஏனுங்க அண்ணி, இது பித்தளைங்களே! இதுல ஏறாதுங்களே!”

“அடடா,” என்றேன் நான். இந்த ஒரு சொல்லை இவ்வளவு இனிப்பாக நான் எப்போதும் சொன்னதில்லை.

பின்னால் நின்ற வெள்ளகோவில் சித்தி, “நல்ல நேரம் போகுதே, பால் பொங்காமப் போனா நல்லாவா இருக்கும்” என்று ஆரம்பித்தாள். தம்பி பக்கத்து வீட்டில் சிலிண்டர் கேட்கச் செருப்பு மாட்டப் போனான். அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அவளுடைய இரும்புத் தோசைக்கல். “அக்கட்டால நவுரு” என்று என்னை நகர்த்தி, பானையை எடுத்துவிட்டு, கல்லைக் கண்ணாடி மேல் வைத்து, கல்லின் மேல் பானையை உட்காரவைத்தாள். பிறகு தானே விரலால் ஒன்பதை அழுத்தினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கல் சூடேற, கல்லின் சூட்டில் பானை சூடேறியது. நேரம் பிடித்தது, ஆனால் பால் பொங்கியது. பொங்கி வழிந்து கண்ணாடியெல்லாம் ஓடி, அடுப்பு கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. எல்லோரும் குலவை போட்டார்கள், கீர்த்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முதல் டம்ளர் பாலை எனக்குத்தான் கொடுத்தாள். சர்க்கரை போட்டிருந்தும் எனக்கு அது கசந்தது.

அன்று மத்தியானம் பந்தி முடிந்த பிறகு, அம்மா உள்ளறையில் வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தோசைக்கல் வெச்சா ஏறும்னு உனக்கு யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லுல. நானாத்தான் கண்டுபுடிச்சேன். கீர்த்தனா ஒத்தை அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்துச்சு, கரண்டுல சொருகறது. அதுக ஆபீஸ் போனப்பறம் பழகிக்கிட்டேன்.”

“எதுக்கு? கேஸுதான் இருந்துச்சே?”

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். வாடகை வீட்டில் ஒரு நாள் பாலை வைத்துவிட்டு மறந்து தூங்கிவிட்டாளாம். பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. இன்னொரு நாள் தீ அணைந்தது தெரியாமல் கேஸ் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு என் தம்பி காலையில் ஆபீஸ் போகும்போது ரெகுலேட்டரை மூடி, லைட்டரையும் பரணில் போட்டுவிட்டுப் போவானாம். பயந்துதான் செய்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அறுவடைக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் அலுக்காமல் சோறாக்கிப் போட்ட என் அம்மா, பகலெல்லாம் ஹாட்பாக்ஸைத் திறந்து தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தினமும் நான் போனில், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். தினமும், “ஆச்சு கண்ணு” என்றிருக்கிறாள்.

“ஒரு காப்பி வெச்சுக் குடிக்கறதுக்குக் கூடப் பொழுதோட அதுக வர்ற வரைக்கும் காத்துட்டிருக்கோணும் அம்மணி. ஒரு நாளு தாங்க முடியாம அழுதுபோட்டேன். கீர்த்தனாதான் பாத்துச்சு. அடுத்த வாரமே அடுப்ப வாங்கியாந்து வெச்சுருச்சு. இது வெச்ச நேரத்துக்குத் தானா நின்னுக்கும், தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீங்க ஆக்குங்க அத்தைன்னுச்சு.”

கேஸுக்காக நான் வாட்ஸ்அப்பில் எழுதித் தள்ளியதெல்லாம் அம்மாவைத் திரும்பவும் ஹாட்பாக்ஸ் முன்னால் உட்காரவைக்கத்தான் என்று அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்சம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், வெட்கத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. “எங்கிட்ட ஏம்மா சொல்லுல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளை மாதிரி கேட்டது.

“நீ அங்கிருந்துட்டு என்ன கண்ணு பண்ணுவ? வீணா மனசொடஞ்சு போவ,” என்றாள். என் அம்மா அழுதபோது பார்க்கக் கீர்த்தனாவுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்த அழுகையும் கிடைக்கவில்லை. இதற்காகவெல்லாம் பொறாமைப்படும் ஜென்மம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு போனில் நலம் விசாரிக்கும் உங்களில் பலருக்கு நான் சொல்வது புரியும். காசு அனுப்பலாம், டிக்கெட் போடலாம், நல்ல டாக்டரைக்கூட இங்கிருந்தே பிடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவளுக்குத் தானாகக் கிடைப்பது நமக்குக் கிடைக்காது.

நான் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம், அம்மா எனக்குக் கொடுத்தனுப்பக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெல்லமும் அரிசிமாவும் எண்ணெயில் வேகும் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அடுப்பின் முன்னால் அவள் நின்ற விதத்தைப் பார்க்க வேண்டும். எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும், இடையில் என்னிடம் வெள்ளகோவில் சித்தியின் மருமகளைப் பற்றிப் புரணி பேசுவதுமாக, பத்து வயது குறைந்திருந்தாள். நான் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். நானும் ரெண்டு சுடுகிறேன் என்றேன்.

“நீ போயி உக்காரு கண்ணு. ஒறம்பரையாட்ட வந்திருக்கற, உன்னைய வேலை வாங்குனா நல்லாவா இருக்கும்?” என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் விருந்தாளி. போய் ஹாலில், புதுச் சோபாவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கீர்த்தனா ஆபீஸிலிருந்து வந்தாள். “வந்துட்டேனுங்க அண்ணி” என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போய், எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு கச்சாயத்தை வடிதட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டாள்.

“ஏ பறக்காவெட்டி! கையக் கழுவாமயா எடுக்கற? வாயி வெந்துபோயிரும், துப்பு அத! ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியா?” என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். கீர்த்தனா வாயை ஊதிக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். அம்மா அவள் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

நான் எழுந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். உடனே குரலைத் தணித்துக்கொண்டு, ஒரு தட்டில் மூன்று கச்சாயத்தை ஆறவைத்து அடுக்கி, இன்னொரு கையில் சொம்பு நிறையத் தண்ணீரோடு ஹாலுக்கு வந்தாள். எங்கள் ஊரில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் முறை. “தண்ணி குடி சாமி” என்று சொம்பை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒறம்பரைகள் செய்வது போலவே சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.