சிவப்புத் துணி கட்டிய மனை

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார் ரஃபீக் மச்சான். என் தங்கச்சியின் கணவர். சிதம்பரம் - சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். திரும்புவதற்குள் வீடு கட்டக் கடைக்கால் போட்டுவிட வேண்டும் — அந்த லீவின் மொத்தத் திட்டமே அதுதான்.

ஜேசிபி வந்த அன்று, புதரைத் தள்ளுவதற்கு முன் இருவரும் மனையைச் சுற்றி நடந்தோம். மச்சான் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"மச்சான், அந்த மண்ணு நம்மளப் பாக்குது."

பார்த்தேன். வெறும் மண். அப்புறம்தான் அதில் இரண்டு கண்கள்... பெரிய மஞ்சள் கண்கள். கழுத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது ஒரு பறவை. நாட்டுக்கோழியைவிடச் சின்னது. காய்ந்த புல் நிறம், உடம்பெல்லாம் கோடு. நெருங்கியதும் நீண்ட மஞ்சள் கால்களில் எழுந்து ஓடியது. கூடெல்லாம் கிடையாது. கட்டாந்தரையில் கூழாங்கல் மாதிரி இரண்டு முட்டைகள்.

பறவை பார்க்கப் போகும் நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டேன். கண்கிலேடி என்றார். பகலெல்லாம் அசையாது; பொழுது சாய்ந்தால்தான் வீல் வீலென்று கூவிக்கொண்டு பூச்சி தேடி ஓடுமாம்.

மச்சான் ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டார். தங்கச்சிக்குக் கோபம்.

"நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் வர்றீங்க. அது வருசா வருசம் முட்ட போடும்."

"நம்ம புள்ள பொறந்தப்ப நான் பக்கத்துல இல்ல. இதையாவது பாத்துக்கிறேனே."



ஆடு மாடு மிதித்துவிடக் கூடாதே என்று, முட்டைகளைச் சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார் மச்சான். அதுதான் வினையாகிவிட்டது. ரோட்டோரம் சிவப்புத் துணி பறந்தால் யார் சும்மா போவார்கள்? பைக்கை நிறுத்தினார்கள். செல்போனை நீட்டினார்கள். ஆள் வரும்போதெல்லாம் பறவை எழுந்து ஓடும். முட்டை தனியாகக் கிடக்கும். ஜனங்கள் பார்த்ததைக் காக்கா பார்க்காதா?

ஒரு சாயங்காலம் போனபோது ஓடுதான் கிடந்தது. சற்றுத் தள்ளி அந்தப் பறவையும் அதன் ஜோடியும் அசையாமல் நின்றன.

மச்சான் குச்சிகளைப் பிடுங்கினார்.

"துணி கட்டாம இருந்திருந்தா பொழச்சிருக்கும்ல மச்சான்?"

கண்ணில் படாமல் இருப்பது ஒன்றுதான் அதற்கிருந்த பாதுகாப்பு. அதைத்தான் எடுத்துவிட்டோம் — அன்பாக.

லீவு முடிந்து, கடைக்கால் போடாமலே ஃப்ளைட் ஏறினார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். இருட்டத் தொடங்கிய நேரம். வேறொரு பொட்டலிலிருந்து வீல் வீலென்று நீளமாக ஒரு கூவல். குவைத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எங்கன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மச்சான்."

மன்னியுங்கள்... உங்களிடமும் சொல்வதாக இல்லை.