பெயரின் குறுக்கே ஒரு கோடு

இதை நான் சோடித்துச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் என் மனைவி கிளடிஸைக் கேட்கலாம். அன்று அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள். இன்றைக்கும் பஸ் அந்தத் தெருவால் போனால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

1996 தை மாதம். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடி ஒன்றில் இருந்தோம். நகரின் மேற்குப் பக்கத்தில் யூதர்களின் சிறிய தொழுகைக்கூடம் ஒன்றைத் துப்புரவு செய்யும் வேலை இருவருக்கும் கிடைத்திருந்தது. ஞாயிறு காலையில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசை, பின்னேரம் அங்கே வேலை.

அந்த மாதம் ஹெர்ஷல் என்றொருவர் அங்கே வந்தார். வேதத்தைத் தோல் சுருளில் கையால் எழுதுகிறவர். வீடு, மனைவி, ஆறு வயது மகள் எல்லாம் பிளேனில் போகிற தூரத்தில், வின்னிபெக்கில். ஆனால் பாதி வருஷம் பயணம்தான். ஆட்கள் குறைந்த சின்னச் சபைகளாகத் தேடிப்போய், இறகால் எபிரேய எழுத்து எழுதப் பழக்குவார். இங்கே நிலவறை மண்டபத்தில் ஒன்பது பேர் படித்தார்கள். நானும் விளக்குமாறோடு கதவடியில் நின்று கேட்பேன்.

முதல் வகுப்பில் ஒன்று சொன்னார். புது இறகு சீவினால், பழைய எதிரி ஒருவனின் பெயரை எழுதி, அதன் குறுக்கே கோடு கீறிப் பார்ப்பார்களாம். அந்தப் பெயர் உலகத்தில் இல்லாமல் போகட்டும் என்று.

அன்று எல்லாரும் போன பிறகு மேசைகளைத் துடைத்தோம். கடைசி மேசையில் யாரும் இருந்து எழுதவில்லை. ஆனாலும் அதில் மை. ஈரமாக இருந்தது. துடைத்தேன். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தால்... திரும்பவும் மை.

"நீங்கள் வடிவாத் துடைக்கேல்லை," என்றாள் கிளடிஸ்.

அடுத்த ஞாயிறு, மண்டபத்தின் லைற்றை நிறுத்திவிட்டுப் படியேறும்போது கேட்டது.

சறக்... சறக்... சறக்...

இறகு எழுதும் சத்தம். லைற்றைப் போட்டேன். சத்தம் நின்றது. கடைசி மேசையில் இரண்டு எழுத்து. கறுப்பாக.

"ஆரோ பகிடி விடுறாங்கள்."

"ஆர் கிளடிஸ்? எல்லாரும் போனாப் பிறகு கதவு பூட்டினது நான்தானே."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

மூன்றாம் ஞாயிறு கடும் பனி. வகுப்பை வேளைக்கே முடித்தார்கள். ஹெர்ஷல் மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கே வெளியே இருள் கட்டத் தொடங்கிவிட்டது. நாங்கள் கீழே கதிரைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். எல்லா லைற்றும் எரிந்தது.

சறக்...

திரும்பிப் பார்த்தோம். கடைசி மேசையில் யாருமில்லை. ஆனால் மரத்தில் எழுத்து வந்துகொண்டிருந்தது. வலமிருந்து இடமாக. ஒன்று முடிய... அடுத்தது.

யூதரின் இடம். அங்கே சிலுவை அடையாளம் போடலாமோ தெரியாது. போட்டேன்.

"ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் கிளடிஸ்.

ஹெர்ஷல் சிரித்துக்கொண்டுதான் இறங்கி வந்தார். மேசையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"யார் எழுதியது?"

"ஒருவருமில்லை."

"இது என் மகளின் பெயர். ஷைனா."

அவர் சொல்லும்போதே, பெயரின் வலது ஓரத்தில் ஒரு கோடு தொடங்கியது. மெதுவாக... எழுத்துகளின் குறுக்கே...

சுவரில் இருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், அறையில் படுத்திருக்கிறாள் என்றாளாம் மனைவி.

"போய்ப் பார்," என்றார். "இப்போதே."

காத்திருந்தோம். ரிசீவரில் காலடிச் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு எதுவும் இல்லை...

பிறகு அந்தப் பெண் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது.

ரிசீவர் அவர் கையிலிருந்து விழுந்து ஆடியது. அவர் மேசைக்கு ஓடினார். பிழையான எழுத்தைச் சுரண்டும் சின்னக் கத்தி சட்டைப்பையில் இருந்தது. அந்தக் கோட்டைச் சுரண்டத் தொடங்கினார். கோட்டை மட்டும். பெயரில் கத்தி படாமல்.

கோடு திரும்ப வந்தது.

சுரண்டினார்.

வந்தது.

கிளடிஸ் செபமாலையை வாய்விட்டுச் சொன்னாள். அவர் ஏதோ எபிரேயத்தில் சொன்னார். இடையில்...

சறக்... சறக்...

கடைசி எழுத்துக்கு ஒரு விரல் இடைவெளி.

அவர் கத்தியை ஆழமாக இறக்கினார்.

சத்தம் நின்றது.

கோடு வரவில்லை. பெயர் மட்டும் மரத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரிசீவரில் அழுகை கேட்டது. பிள்ளை கிடைத்துவிட்டாள். வெறுங்காலோடு, வீட்டுக்குப் பின்னால் உறைந்த ஆற்றின் நடுவில் நின்றவளைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டு தூக்கி வந்திருக்கிறார். கால் விரல் இரண்டு கறுத்துப்போயிருந்தன. உயிர் இருந்தது.

ஹெர்ஷல் அன்றிரவே வின்னிபெக் போய்விட்டார். அந்த மாதத்தோடு நாங்களும் வேலையை விட்டோம்.

அடுத்த வருஷம் யூனியன் ஸ்ரேஷனில் தற்செயலாக அவரைக் கண்டேன். மகள் சுகமா என்று கேட்டேன். சுகம் என்றார். நித்திரையில் எழும்பி நடந்திருக்கிறாள் என்று டொக்டர் சொன்னாராம்.

"அவள் என்ன சொல்கிறாள்?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"நித்திரை இல்லை என்கிறாள். ஒரு ஆள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாராம். ஆற்றின் நடுவில் திடீரென்று நோகிறது என்று கத்தி, கையை விட்டுவிட்டாராம்."

"ஆளின் முகம்?"

"பார்க்கவில்லை. அவர் முன்னால் போனாராம். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு... மற்றக் கையால் காற்றில் எழுதிக்கொண்டு."