ராட்னர்ஷயரை விட்டுக்கொடுக்காத டாக்டர் கமலவேணி

மாண்ட்ரியால் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பி, செய்தி எழுத உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் ராமன் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், டாக்டரம்மா போயிட்டாங்க. காலையில. தூக்கத்திலேயே." அன்று அந்தச் செய்தியை நான் எழுதி முடிக்கவில்லை.

மாண்ட்ரியால் தமிழர்களான நம்மில் பலருடைய பிள்ளைகளுக்கு டாக்டர் கமலவேணிதான் மருத்துவர். இங்கே வருமுன் அவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ராட்னர்ஷயர் என்ற கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்தார். வேல்ஸிலேயே மக்கள் மிகக் குறைந்த கவுண்டி அது. அறுபதுகளின் கடைசியில் அதன் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "முதல்முதலா என்னை நம்பி நோயாளியை ஒப்படைச்ச ஊர். அதைப் பத்தித் தமிழ்ல ஒரு வரிகூட இல்லைன்னா எப்படி?" என்றார்.

மாண்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசார் தீவில் இருந்த அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். எழுதிய அத்தியாயத்தை வாசிப்பார். விருந்தாளிகளில் ஒருவர் எதிர்க்கட்சி. மறுத்துப் பேசி முடித்த பிறகுதான் கேசரி வரும். ராட்னர்ஷயரின் எலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, வீடுகளையும் ஒரு தேவாலயத்தையும் மூழ்கடித்து, பர்மிங்ஹாம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன அத்தியாயத்துக்கு நான் எதிர்க்கட்சி. நகரத்து ஏழைகள் கெட்ட தண்ணீரைக் குடித்துச் சாக வேண்டுமா என்று கேட்டேன்.

"நியாயம், நிருபரே. அதையும் எழுதறேன். ஆனா மூழ்கின வீட்டுக்காரரை அடிக்குறிப்புக்குத் தள்ள மாட்டேன்." மொத்த அத்தியாயத்தையும் திருப்பி எழுதினார்.

1974இல் அந்தக் கவுண்டியையே நிர்வாக வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்த்துப் பொவிஸ் என்று பெயரிட்டார்கள். மாண்ட்ரியாலுக்குப் பக்கத்து நகரமான லாவலில் வீடு வாங்கியிருந்த ராமன் அவரைச் சீண்டினார். "டாக்டர், உங்க ஊரே காலி. இனிமே யாருக்கு இந்தப் புத்தகம்?"

"நீங்க இருக்கிற லாவல் மட்டும் என்னவாம்? பல ஊரைச் சேர்த்து நேத்து வெச்ச பேர்தானே? உங்க பக்கத்து வீட்டுக் கிழவர் எந்த ஊர்ன்னு சொல்லிக்கிறார்?"

"அவர் பழைய பேரைத்தான் சொல்றார்" என்று ராமன் முனகினார். மேசையே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆபீஸைத்தான் மூடினாங்க, ராமன். ஊரை மூட முடியாது" என்றார்.

புத்தகம் முடிந்ததும் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் இல்லாத கவுண்டியின் பெயர் விற்காது, 'வேல்ஸ் பயணம்' என்று மாற்றுங்கள் என்றார். டாக்டர் மறுத்தார். கடைசிவரை அது அச்சேறவில்லை. அவர் இறந்த பிறகு, தலைப்பை மட்டும் மாற்றினால் உடனே வெளியிடலாம் என்று அதே பதிப்பாளர் அவருடைய கணவருக்கு எழுதினார். கணவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். புத்தகம் எப்படியாவது வந்தால் போதுமே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

முதலில் பேசியவர் ராமன். "பேரை மாத்தினா அது அவங்க புத்தகமே இல்லை. கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்குங்க. நாம அச்சடிப்போம்."

பிரதி வந்து சேர்ந்துவிட்டது. மெய்ப்பு பார்க்கும் வேலை என்னுடையது. 'ராட்னர்ஷயர் வரலாறு' என்ற பெயரிலேயே அது வெளிவரும். எதிராளியின் நியாயத்தைக் கேட்டு எழுதியதை மாற்றவும், கேட்ட பிறகும் விடக்கூடாததை விடாமல் இருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.