சஹனை விட்டு எழும்பியவர்கள்

நெய்ச்சோற்று வாசம்... தண்ணீர் தெளித்த பந்தலின் ஈர மண்... வெள்ளைத் துணி விரித்து நடுவில் வைத்த பெரிய சஹன்.

உப்புக்குளத்தில் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சாவின் கல்யாணம். உங்களுக்குத் தெரியும்தானே, அந்தக் காலத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் ஆறு கையும் படவேண்டும். கோபக்காரர்களைச் சேர்த்து இருத்த மாட்டார்கள். தெரியாமல் இருத்தி, ஒருவர் பாதியில் எழும்பிவிட்டால் அது ஊரறியச் சண்டை அறிவித்த கணக்கு.

அன்றைக்குப் பரிமாறியவர்களுக்கு அவசரம். ஒரு சஹனில் ஆறாவது ஆள் குறைகிறது என்று, வாசலில் நின்ற ஹனிபா காக்காவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து காதர் காக்காவுக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சொந்த வள்ளம். ஒருவர் வலையை மற்றவர் வள்ளம் அறுத்துவிட்டது என்று முகம் பார்க்காமல் திரிந்தவர்கள்.

காதர் காக்கா கையை உதறிவிட்டு எழும்பினார்.

அவர் எழும்ப, அடுத்த சஹனில் இருந்த அவருடைய மருமகன் எழும்பினான். அதைப் பார்த்து ஹனிபா காக்காவின் தம்பி எழும்பினார். பிறகு அவருக்காக ஒருவர், இவருக்காக ஒருவர்... நாங்கள் பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று வாயில் கை வைத்துப் பார்த்தோம்.

என் வாப்பா, காதர் காக்காவின் மச்சான். பிசைந்த சோற்றோடு அவரும் எழும்பினார். எதிர்ப்பக்கம் தாராபுரத்துச் சம்பந்தி, எனக்கு மூத்தவள் ராத்தாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் வாப்பா. அந்தச் சம்பந்தியின் தங்கையைத்தான் ஹனிபா காக்கா கட்டியிருந்தார். அவரும் எழும்பினார்.

கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். முதல்நாள் எங்கள் வீட்டில் ஒன்றாய் இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள். ஒருவர் வைத்த செம்பை மற்றவர் எடுத்தார். ஆளுக்கொரு பக்கமாய்ப் போனார்கள்.

பின்னேரம் ராத்தா கேட்டாள்.

"அவரோட உங்களுக்கு என்ன கோவம் வாப்பா?"

"ஒண்டுமில்ல மகள்."

"அப்ப ஏன் எழும்பினீங்க?"

"மச்சான் எழும்பிட்டார். நான் மட்டும் இருந்து தின்னுறதா?"

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தரகர் வந்தார். "இப்போதைக்கு வேணாமாம்" என்றார். நிக்காஹ்வுக்கு எடுத்த பச்சைச் சேலையை உம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் முதலாம் உலகப்போர் படித்தோம். ஆஸ்திரியாவுக்கும் சேர்பியாவுக்கும் சண்டை. சேர்பியாவுக்காக ரஷ்யா வர, ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி வர, ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸும் வர... யார் யார்மேல் போர் அறிவித்தது என்று பிள்ளைகள் பாடமாக்கித் திணறினார்கள். எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. சாச்சாவின் கல்யாண வீட்டை நினைத்தேன், வந்துவிட்டது.

அடுத்த நோன்பு வர முதலே காதர் காக்காவும் ஹனிபா காக்காவும் சமாதானமாகிவிட்டார்கள். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பக்கத்தில் இருந்து கஞ்சி குடித்தார்கள். அதற்குள் தாராபுரத்து மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. ராத்தாவுக்குப் பிறகு பேசிய எதுவும் சரிவரவில்லை. இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள்.

இப்போது கல்யாணமென்றால் பஃபே. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை. யாரும் யாரை விட்டும் எழும்பத் தேவையில்லை. டிவியில்தான் நாளுக்கொரு நாடு எழும்புகிறது... எனக்கு அலுத்துவிட்டது. நியூஸ் தொடங்கினாலே ரிமோட்டைத் தேடுகிறேன்.

போன கிழமை மகன் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்தா முருங்கையிலை உருவிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப சண்டையில புதுசாச் சேர்ந்த நாட்டுக்கு மற்ற நாட்டோட என்ன கோவமாம்?"

"கோவம் ஒண்டுமில்ல பெரியும்மா. கூட்டாளிக்காக வாறாங்கள்."

ராத்தா உருவி முடித்த காம்பை ஒரு பக்கம் போட்டாள்.

"வாப்பா அண்டைக்கு அந்தச் சோத்த முடிச்சிட்டாவது எழும்பியிருக்கலாம்" என்றாள்.