மூக்குப்பொத்தியின் காகிதப்பூக் கொடி

எல்லாரும் அவளை மூக்குப்பொத்தி என்றுதான் சொன்னார்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். அந்த மூக்கு சும்மா வரவில்லை. அவள் அப்பாவுக்கு ஒரு அத்தை இருந்தாள். ஈ உட்கார்ந்துவிட்டது என்று நல்ல செம்பைத் தெருவில் வீசியெறிந்தவள். அந்த ரத்தம் வழியில் யாரிடமும் தங்காமல் நேராக இவளிடம் வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், இருபத்தெட்டு வருஷம். மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைக் கையால் பிரித்து, ரத்தம் தனி, வாந்தி தனி, மற்றது தனி என்று போட்ட பிறகுதான் மெஷினுக்குள் போகும். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டாலும், சோற்றை வாயருகே கொண்டுபோகும்போது அந்த ஈரவாடை முந்திக்கொள்ளும். நடுவில் கல்யாணம் ஒன்றும் நடந்தது. மாப்பிள்ளை வாரத்துக்கு ஒருநாள் குளிக்கிறவர். எட்டாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள்.

வேலை ஓய்ந்ததும் அப்பா வீட்டில் தன் பங்குக்கு வந்த பாதியில் இருந்தாள். மறுபாதியில் கடைசித் தம்பி, குழாய் ரிப்பேர் பார்க்கிறவன், பெண்டாட்டியோடு இருந்தான். நடுவில் ஒரு மதில். மதிலுக்கு இந்தப்பக்கம் அவளுடைய கொல்லை: சரளைக்கல், உடைந்த செங்கல், நாள் முழுக்க வெயில். புல்கூட முளைக்காது. அவளுக்கு அதுவே பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியிலிருந்து விரல் பருமனில் ஒரு குச்சியை ஒடித்து வந்து மதிலோரம் நட்டாள். தோட்டக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்.

"வேர் பிடிக்கிறவரைக்கும் ஊத்துங்கம்மா. அப்புறம் அதைப் பட்டினி போடணும். தண்ணி குடிச்சா இலையா விடும், தாகத்துல கிடந்தாத்தான் பூக்கும்."

மூன்றாம் வருஷம் மதிலே தெரியாமல் சிவந்துபோனது. ஈரமில்லை, வாசனையில்லை, உதிர்ந்தாலும் அழுகுவதில்லை. பெருக்கினால் சருகு மாதிரி சரசரவென்று ஓடும். கையில் அள்ளினால் கை அப்படியே சுத்தமாக இருக்கும். இருபத்தெட்டு வருஷம் ஈரத்தில் ஊறிய கைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"மணமில்லாத பூவெல்லாம் ஒரு பூவாக்கா?" என்பான் தம்பி.

"அதுக்காகத்தான்டா வெச்சிருக்கேன்."

அந்த வருஷம் தங்கை மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு மாதம் துணைக்குப் போனாள். அங்கே சமாளித்ததே பெரிய கதை. திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறந்தவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மதிலின் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு குழாய். தம்பி வீட்டுக் குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கொடியின் தூரில் கொழகொழவென்று தேங்கிக் கிடந்தன. மேலே எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய தலைமுடிச் சுருள், ஊறிப்போன சோறு, நெளியும் புழு. கொடியில் ஒரு பூ இல்லை. கரும்பச்சையாய் இலை மட்டும் காடுபோல மண்டியிருந்தது.

தம்பி மதிலுக்கு மேலே தலையை நீட்டினான். முகமெல்லாம் பெருமை.

"பாத்தியாக்கா? தண்ணி காட்டாம கொன்னுட்டிருந்தே. இப்ப எப்படி செழிச்சிருக்கு!"

"உன் அழுக்கைக் கொண்டாந்து என் கொல்லையில ஊத்திட்டு செழிப்புங்கிறியா? குழாயை எடுடா."

"தெருச் சாக்கடைக்கு விடணும்னா தரையை உடைக்கணும்க்கா. அடுத்த வாரம் பாக்கிறேன்."

ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் அன்றைக்கே சரியாகும். அவன் வீட்டுக் குழாய்க்கு மட்டும் ஏழு அடுத்த வாரங்கள் போயின. இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. தூரில் விரலை வைத்தால் பட்டை வெந்த கிழங்குபோல உரிந்து வந்தது. அழுகல் நாற்றம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் கொடி இருக்காது என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

ஒருநாள் ராத்திரி, தம்பி வாசலில் வைத்திருந்த சிமெண்ட் மூட்டையிலிருந்தே இரண்டு கை அள்ளிக் குழைத்து, கந்தலோடு சேர்த்துக் குழாய் வாயை அடைத்தாள். விடிந்து, சிமெண்ட் இறுகிய பிறகு மதிலுக்கு அந்தப்பக்கம் குளிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கூச்சல்.

"அக்கா! கணுக்கால் வரைக்கும் நிக்குதுக்கா! அடுப்படிக்குள்ள வருது!"

"உன் தண்ணிதானே? குடி. செழிப்பா இருப்பே."

"பெத்த பிள்ளை மாதிரி வளத்தியே, இப்படிச் செய்யலாமா?"

"வளத்தேன். மூணு வயசு வரைக்கும் உன் குண்டியைக் கழுவினேன். அம்பது வயசுலயும் கழுவணுமா?"

மத்தியானத்துக்குள் தரை உடைகிற சத்தம் கேட்டது.

அவள் கையுறையைத் தேடவில்லை. அந்தக் கறுப்புச் சேற்றை வெறுங்கையால் வாளி வாளியாக அள்ளினாள். இரண்டு முறை வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அழுகிய வேரைக் கத்தியால் வெள்ளைக் கட்டை தெரியும்வரை சீவினாள். வேரைப் பகலெல்லாம் வெயிலில் காயவிட்டு, காய்ந்த மணலும் செங்கல் தூளும் போட்டு மூடினாள். முக்கால்வாசிக் கொடி செத்தது. மதிலின் மேல் ஓடியிருந்த ஒரு கிளை மட்டும் பிழைத்தது. சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

ஐந்தாம் மாதம் அந்தக் கிளை பூத்தது, தம்பி வீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டு. அங்கே யாரோ விருந்தாளி வந்திருந்தார்கள். தம்பி பெண்டாட்டியின் குரல் மதில் தாண்டி வந்தது.

"எல்லாம் எங்க வீட்டுத் தண்ணிங்க. நாங்க விட்ட தண்ணியிலதான் இப்படி வந்திருக்கு."

மூக்குப்பொத்தி முக்காலியைப் போட்டு ஏறினாள். முள் கிழித்ததைப் பார்க்காமல், பூத்த கிளையை அப்படியே வளைத்துத் தன் பக்கம் இழுத்துக் கம்பியில் கட்டினாள்.

"அண்ணி, ஒரு கொத்தாவது இந்தப்பக்கம் விடுங்களேன்," என்றாள் தம்பி பெண்டாட்டி.

"உங்க தண்ணியில வளந்ததை நீங்க வெச்சுக்கோங்கம்மா. குளியலறைச் சுவத்துல பாசி இருக்குமே," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.